ஆண்மை ஹார்மோன் பெண்ணுக்கு எங்கிருந்து வருகிறது?



தாடையில் முடி, ஆறாத முகப்பரு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் மாதவிலக்கு. இவற்றோடு மருத்துவரிடம் வரும் இளம்பெண்ணின் தாயார் பல சமயம் கேட்பது, “நாங்கள் என்ன பாவம் செய்தோம்?” என்பதே. தேனாம்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் இன்றும் கேட்கக்கூடிய இக்கேள்விக்குப் பதில் அவளுடைய சரீரத்துக்குள் இருக்கிறது.

‘ஆண்ட்ரோஜன்’ எனப்படும் ஆண்மை ஹார்மோன் எல்லாப் பெண்களிடமும் சிறிதளவு உண்டு. பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அதிலிருந்தே உண்டாகிறது. அது அளவுக்கு மிஞ்சுவதே சினைப்பை நீர்க்கட்டி நோயின் முக்கிய அடையாளம். 1935-ல் சிக்காகோ மருத்துவர்கள் ஸ்டைன், லெவெந்தால் இருவரும் இதை விவரித்தார்கள். ‘நீர்க்கட்டி’ என்ற பெயர் பயமுறுத்தினாலும், அவை உண்மையில் முதிராமல் நின்றுபோன முட்டைப்பைகளே.

மிகுதியான ஹார்மோனுக்கு மூன்று ஊற்றுகள் உண்டு.

முதலாவது, சினைப்பை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ‘எல்.எச்.’ என்ற ஹார்மோனை அனுப்பும்போது, முட்டைப்பையின் வெளிச்சுவர் ஆண்ட்ரோஜனைச் சுரக்கிறது. உட்சுவர் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இந்நோயில் எல்.எச். பெரும்பாலும் அதிகம், வெளிச்சுவரும் இயல்பாகவே அதிகம் சுரக்கிறது. பெரும்பங்கு இங்கிருந்தே வருகிறது.

இரண்டாவது, சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள். ஏறக்குறைய நான்கில் ஒரு நோயாளிக்கு இங்கும் சுரப்பு கூடியிருக்கும்.

மூன்றாவது, தோலும் கொழுப்பும். இவை வீரியம் குறைந்த ஹார்மோனை வீரியமுள்ளதாக மாற்றுகின்றன. இரத்தப் பரிசோதனை ஒன்றுபோல் இருந்தும் ஒருத்திக்கு முடி வளர்ந்து மற்றவளுக்கு வளராததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றைத் தூண்டிவிடுவது இன்சுலின். சரீரம் இன்சுலினுக்குச் சரியாக இணங்காவிட்டால், கணையம் அதை அதிகமாகச் சுரக்கிறது. அது எல்.எச்.சோடு சேர்ந்து சினைப்பையை முடுக்குகிறது. அதோடு, ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகவே உண்டாக்கும்படி செய்கிறது. கட்டவிழ்ந்த ஹார்மோன்தான் வேலை செய்யும். சென்னையில் பெரியவர்களிடையே சர்க்கரை நோய் 1989-ல் 8.3 சதவீதம், 2004-ல் 14.3 சதவீதம். இன்சுலினுக்கு இணங்காத சரீரம் நம் ஊரில் எவ்வளவு சகஜம் என்பதற்கு இதுவே சாட்சி. ஒல்லியான பெண்களுக்கும் இது வரலாம்.

ஆகவே சிகிச்சையும் ஊற்றைப் பார்த்தே அமைகிறது. எடை கூடியவர்கள் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. தேவைக்கேற்ப ஹார்மோன் மாத்திரையோ மெட்பார்மினோ மருத்துவர் தருவார். முடி குறையப் பல மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். குழந்தைப்பேறு தாமதித்தாலும், சிகிச்சையால் அநேகர் தாயாகிறார்கள். சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம்.

ஒரு எச்சரிப்பு: சில மாதங்களுக்குள் குரல் தடித்து, முடி வேகமாக வளர்ந்தால், அது சினைப்பை அல்லது அட்ரினல் கட்டியாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் சபையிலோ உறவிலோ இப்படியொரு சகோதரி இருக்கலாம். கல்யாண வீட்டில் அவள் முகத்தைப் பற்றியோ பிள்ளையில்லாததைப் பற்றியோ பலர் முன் கேட்காதீர்கள். தனியே அழைத்து, “இது உன் குற்றமல்ல, இதற்கு வைத்தியம் உண்டு” என்று சொல்லுங்கள். கூடத் துணைக்கும் போய்வாருங்கள்.