அளவுகோலையே அளந்தார்கள்!

ஜவுளிக் கடைக்காரர் கோலால் துணி அளக்கிறார். அந்தக் கோலே ஒரு விரற்கடை குறைந்திருந்தால்? எத்தனை கவனமாக அளந்தாலும் கணக்கு தப்புதான்!

அதனால், அளக்கும் கருவியையே முதலில் சோதிக்கவேண்டும். ராணுவ அளவைக்கூடங்களில் இந்த வேலை இன்றும் நடக்கிறது. பீரங்கியின் குறி பார்க்கும் கருவி இம்மி பிசகினாலும் குண்டு வேறிடத்தில் அல்லவா விழும்?

இந்த வேலை நம் செங்கல்பட்டுச் சீமையில் 1802-ம் ஆண்டிலேயே நடந்தது.

100 அடி சங்கிலி

வில்லியம் லாம்டன் என்ற பட்டாள அதிகாரி, இந்தியாவை அளக்கப் புறப்பட்டார். பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு. அதை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள்.

ஏப்ரல் 10-ந் தேதி தொடங்கி மே 22-ந் தேதி முடிந்தது. கொளுத்தும் கோடை! வெயிலில் எஃகு நீளும். எனவே சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தினார்கள். பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, சூட்டுக்குத் தக்கபடி கணக்கைத் திருத்தினார்கள். இழுத்து இழுத்துச் சங்கிலி தேயுமே? அதைக் கண்டுபிடிக்க, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே இன்னொரு சங்கிலி இருந்தது.

சிறைப்பட்ட கருவி

முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால், மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். கோணம் அளக்க லண்டனிலிருந்து தியோடலைட் என்ற கருவி வந்தது. எடை அரை டன்! வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு அதைப் பிடித்து, மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பெருந்தன்மையோடு திருப்பி அனுப்பினார்கள்.

மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, மதுராந்தகம் பக்கம் இருக்கிறது கருங்குழி. அதன் வழியாகத் தெற்கே அளவை வேலை நகர்ந்தது.

கயிறு அறுந்தது!

1808-ம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தின் உச்சிக்குக் கருவியை ஏற்றினார்கள். கயிறு அறுந்தது! கருவி சுவரில் மோதி, கோணக் குறிகள் பொறித்த வட்டம் நெளிந்துவிட்டது. நெளிந்த வட்டத்தில் பார்க்கும் கோணம் அத்தனையும் பிழை.

லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்கள் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. கருவியைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். பெரிய பலகையில் சரியான அளவில் ஒரு வட்டம் வெட்டினார்கள். நெளிந்த வட்டத்தை ஆப்பு, திருகு, கப்பி கொண்டு மெல்ல மெல்ல இழுத்து அதற்குப் பொருத்தினார்கள். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார்கள். ஆறு வாரத்தில் கருவி ஏறக்குறைய பழைய உருவம் பெற்றது. வேலை தொடர்ந்தது.

ஆற்காட்டுக்காரர்

பிற்காலத்தில் இந்த இலாகாவின் கருவிகளைப் பழுது பார்த்தவர் நம்மவர். ஆற்காட்டில் பிறந்த சையத் மீர் மொஹ்சின் உசேன், சென்னையில் நகைவேலை செய்தவர். கைத்திறமையால் கல்கத்தா சென்றார். 1843-ல் இலாகாவின் கருவி செய்யும் தலைவரானார்.

கருவி என்றால் பழுதாகும். பழுதானது தெரியாமல் அதை நம்புவதுதான் ஆபத்து. கடைத் தராசுக்கும் இது பொருந்தும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிக்கும் பொருந்தும்!