பெயர் திரும்பிய எலும்புகள்

ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று, போஸ்னியாவின் பொடொச்சாரி நினைவிடத்தில் பச்சைத் துணி போர்த்திய சவப்பெட்டிகளை வரிசையாக வைக்கிறார்கள். சில பெட்டிகளில் பாரமே இருக்காது. உள்ளே இருப்பவை இரண்டு மூன்று எலும்புகள்தான்.

1995 ஜூலையில், அதன் அருகே, ஐ.நா. பாதுகாப்புப் பகுதியாக அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சா நகரை போஸ்னிய செர்பியப் படை கைப்பற்றியது. சில நாட்களுக்குள் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். உடல்களைப் பெருங்குழிகளில் புதைத்தார்கள். சில மாதங்களுக்குள், தடயத்தை மறைக்க அதே குழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை லாரிகளில் ஏற்றி வேறிடங்களில் புதைத்தார்கள். உடல்கள் சிதைந்தன. ஒரே மனிதரின் எலும்புகள், பல கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள வெவ்வேறு குழிகளிலிருந்து கிடைத்தன.

குழிகளில் மீட்ட துணிமணிகளை ஆய்வாளர்கள் படமெடுத்து உறவினர்களிடம் காட்டினார்கள். அதை வைத்து அடையாளம் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. வழி திறந்தது மரபணுச் சோதனைதான். பிள்ளையின் மரபணுவில் பாதி தாயுடையது, பாதி தந்தையுடையது. 1996இல் உருவான காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையம், 20,000க்கும் மேற்பட்ட உறவினர்களிடம் சில சொட்டு ரத்தம் வாங்கியது. எலும்பைச் சுத்தம் செய்து, பொடியாக்கி, மரபணுவைப் பிரித்து, ரத்த மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். 2001 நவம்பரில் முதல் பொருத்தம் கிடைத்தது. அது 15 வயதுப் பையன் ஒருவனுடையது. அதன்பின் ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் திரும்பியிருக்கிறது.

சோதனை முடிவு வந்தபின் தாயின் முன்னே இன்னொரு கேள்வி நிற்கிறது. கிடைத்ததை இப்போதே அடக்கம் செய்வதா, மீதியும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா? சிலர் ஒற்றை எலும்பையாவது மண்ணில் சேர்த்து, தொழுகை நடத்தி, போய் அழ ஓர் இடம் தேடிக்கொள்கிறார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அடக்கம் செய்தபின் வேறு குழியில் மிச்சம் கிடைத்தால், கல்லறையை மீண்டும் திறக்கவும் வேண்டியிருக்கிறது.

குடும்பமே அழிந்துபோனவர்களுக்கு ரத்தம் கொடுக்கக்கூட ஆளில்லை. தேடித் தேடி ஓய்ந்த தாய்மார் பலரும் இப்போது உயிரோடு இல்லை. ஆனால் அவர்கள் கொடுத்த ரத்தத்தின் விவரம் பதிவில் இருக்கிறது. நாளை எங்கோ ஓர் எலும்பு கிடைத்தால், அது யார் பிள்ளை என்று அந்த ரத்தம் சொல்லும்.