கடலுக்குள் எந்த லென்ஸ்?

1963-ல் ஜப்பானின் நிக்கான் கம்பெனியார் வெளியிட்ட 'நிக்கோனாஸ்' என்னும் நீர்மூழ்கிக் காமிராவில் லென்ஸை மாற்றலாம். ஆனால் கரையிலே மட்டும். நீருக்குள் கழற்றினாலோ காமிராவுக்கு ஜலசமாதிதான்! சிறு மீனை நாடி 80 மி.மீ. லென்ஸைப் பூட்டி மூழ்கியவர் முன் திமிங்கிலம் வந்து நின்றால், அதன் கண்ணை மட்டும் படம் பிடித்துத் திரும்ப வேண்டியதே.

விலகி நின்று எடுக்கலாமே என்பீர்கள். இடையிலுள்ள நீர் சிவப்பு நிறத்தை விழுங்கிப் படத்தையும் மங்கச் செய்துவிடும். ஆதலின் அகன்ற பார்வையுள்ள லென்ஸுடன் அருகே நெருங்குவதே உசிதம். தட்டைக் கண்ணாடியின் வழியே நீரிலுள்ள பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாய்த் தோன்றி, பார்வைப் பரப்பு குறுகும்; கவிழ்த்த கிண்ணம் போன்ற கண்ணாடி அக்குறையைத் தீர்க்கும்.

இன்றோ சாதாரணக் காமிராவையே நீர் புகாப் பெட்டியிலிட்டு மூழ்குகிறார்கள். பெட்டிக்கு வெளியே, நீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் லென்ஸ்களும் உண்டு. மாட்டுகையில் காற்றுக் குமிழி சிக்காதிருக்க வேண்டும்.