பெருநாளுக்கு முன் வெள்ளையடிக்கலாம், நாமே

பெருநாள் நெருங்கினால் வீட்டைத் துப்புரவாக்கி வெள்ளையடிப்பது நம் வீடுகளில் இருந்துவரும் நல்ல வழக்கம். இப்போது அதுவே பல குடும்பங்களுக்குச் சுமையாகிவிட்டது. பெயிண்ட், ஆள் கூலி என்று கணக்குப் போட்டால் பிள்ளைகளின் பெருநாள் துணிக்கு ஒதுக்கிய பணம் கரைந்துவிடுகிறது. கடன் வாங்கிப் பூசுகிறவர்களும் உண்டு. அப்படிப் பூசியது அடுத்த மழைக்கே கொப்புளித்து உரிந்தால் மனசு என்ன பாடுபடும்!

நம் கடலோர ஊர்களில் பெயிண்ட் உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் சுவரில் ஏறியிருக்கும் ஓதம்தான். பழைய வீடுகள் சுண்ணாம்புக் காரையால் கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தச் சுவர் வழியாகவே காற்றில் கலந்து வெளியேறும். அதன்மேல் எமல்ஷன் பூசினால், பிளாஸ்டிக் தாள் ஒட்டியதுபோல் வழி அடைபட்டுவிடும். உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வரும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை அடைத்து வைக்காது. ஆகவே இத்தகைய சுவருக்கு விலை கூடிய பெயிண்டைவிட மலிவான சுண்ணாம்பே பொருத்தமானது. குழாய்க் கசிவோ, மொட்டைமாடி ஒழுக்கோ இருந்தால் மட்டும் முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது. சுட்ட சுண்ணாம்புக் கல்லோ கிளிஞ்சல் சுண்ணாம்போ வாங்கி, தகர டின்னில் தண்ணீர் வைத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். கல்லின்மேல் தண்ணீரைக் கொட்டக்கூடாது, சீறித் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளியும் ஆகாது. கொதிக்கும் சூட்டில் இளகிவிடும். இந்த வேலை நடக்கும்போது பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். தெறித்துவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் விடாமல் கழுவி, மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஓரிரு நாள் ஊறியபின் மெல்லிய துணியில் வடிகட்டி, பால்போல் நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒட்டாமலிருக்க வஜ்ரப் பசையைக் காய்ச்சி சிறிது சேர்க்கலாம். சிலர் உப்புப் போடுவார்கள். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் ஓதச் சுவருக்கு வேண்டாம். வெண்மை எடுப்பாகத் தெரிய, துணிக்குப் போடும் நீலப்பொடி ஒரு சிட்டிகை போதும். நிறம் வேண்டுமானால் செங்காவியோ மஞ்சள் காவியோ கலக்கலாம். சமையல் மஞ்சள்தூளைப் போட்டுவிடாதீர்கள், சுண்ணாம்பு பட்டதும் சிவந்துவிடும்.

பழைய டிஸ்டம்பர், எமல்ஷன் இருந்தால் சுரண்டி எடுத்தபின்தான் சுண்ணாம்பு பிடிக்கும். சுவரை நனைத்துவிட்டு மெல்லியதாக மூன்று கை அடியுங்கள். ஒவ்வொன்றும் காய ஒரு நாள் விடுங்கள். முதல் கை அடித்ததும் திட்டுத்திட்டாக, அழுக்குத் தண்ணீர் தடவியதுபோல்தான் இருக்கும். காயக் காய வெளுக்கும். கெட்டியாக ஒரே தடவையில் அப்பினால் பொருக்குத் தட்டி உதிரும். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவர் வெளுத்தபின் அறைக்குப் பெரிதாக எதுவும் தேவைப்படாது. உம்மாவின் பழைய வாயில் சேலை ஒன்று இருந்தால் இரண்டு ஜன்னலுக்குத் திரை தைத்துவிடலாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடி மாட்டினால் இருண்ட அறையிலும் வெளிச்சம் பரவும்.

முற்றத்துக்கு, காலியான பெயிண்ட் டப்பாக்களே தொட்டி. சுரண்டிக் கழுவி, அடியில் நாலைந்து துளை போட்டு, மண், மக்கிய உரம், தென்னைநார்க் கழிவு மூன்றையும் கலந்து நிரப்புங்கள். பெயிண்ட் இருந்த டப்பாவில் பூச்செடி மட்டும் வையுங்கள். புதினாவுக்கும் கறிவேப்பிலைக்கும் மண்தொட்டியோ பழைய எண்ணெய் டின்னோ நல்லது. ஒளூச் செய்யும் தண்ணீரில் சோப்பு கலப்பதில்லை என்பதால், ஒரு வாளியில் பிடித்து அப்படியே செடிக்கு ஊற்றலாம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் மட்டும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு கொசு முட்டையிட அதுவே போதும். வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

நல்ல வெயில் விழும் மூலையை மருதாணிக்கு விட்டுவிடுங்கள். முற்றிய கிளையில் பென்சில் கனத்துக் குச்சி ஒன்றை ஒடித்து நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரத்தில் வேர்விடும். இந்தப் பெருநாளுக்கு இலை கிடைக்காது. கடைக் கோன் சிலவற்றில், முக்கியமாகக் கறுப்பு மருதாணி என்று விற்பதில், தோலைக் கொப்புளிக்க வைக்கும் ரசாயனச் சாயம் கலக்கிறார்கள். அதனால் இந்த முறை பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்து மரத்தில் இலை கேட்டு அரைத்துக்கொள்ளலாம், அடுத்த முறைக்கு நம் செடியே தரும்.