வாரத்துக்கு ஒன்று, தினமும் அல்ல

முழங்கால் வலி, அசதி என்று போகிறோம். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வருகிறது. மருந்துக் கடையில் ஓர் அட்டை தருகிறார்கள். திருச்சியில் இது இன்று வீட்டுக்கு வீடு நடப்பதுதான்.

அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மாத்திரை ஒன்றில் 60,000 யூனிட். பெரும்பாலும் ஓர் அட்டையில் நான்குதான் இருக்கும். வாரத்துக்கு ஒன்று வீதம் அது ஒரு மாத மருந்து. ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரை. சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து இதையும் தினமும் விழுங்கினால் ஒரே மாதத்தில் 18 லட்சம் யூனிட் உள்ளே போய்விடும். வாங்கும்போதே அட்டையின் மேல் 'ஞாயிறு மட்டும்' என்று பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மிஞ்சிய வைட்டமின் சி சிறுநீரில் போய்விடும். டி அப்படிப் போகாது, கொழுப்பில் தங்கிவிடும். குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் கால்சியத்தை ரத்தத்துக்கு இழுத்துவரும். பசி போகும், குமட்டும், மலம் கட்டும். தாகமும் அடிக்கடி சிறுநீரும் வரும்போது சர்க்கரை கூடிவிட்டது என்றும், பேச்சு குழறினால் வயசாகிவிட்டது என்றும் வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் சிறுநீரகம் கெட்டுவிடலாம். வைட்டமின் டி ஊசியை அளவில்லாமல் போட்டுக்கொண்டு இப்படி வந்தவர்களைப் பற்றி ஸ்ரீநகர் மருத்துவர்கள் 2011-இல் எழுதியிருக்கிறார்கள்.

வெயிலைக் கண்டு பயப்பட வேண்டாம். தோலில் உண்டாகும் டி மிஞ்சினால் அந்த வெயிலே அதைச் சிதைத்துவிடும். காவிரிக்கரை வெயிலால் யாருக்கும் இந்த நஞ்சு ஏறாது. மாத்திரையாலும் ஊசியாலும்தான் ஏறும்.

தினமும் சாப்பிட்டுவிட்டது தெரிந்தால் டி, கால்சியம் இரண்டையும் அன்றே நிறுத்துங்கள். ரத்தத்தில் கால்சியம், கிரியேட்டினின், வைட்டமின் டி மூன்றையும் பார்க்க வேண்டும். டி அளவு மில்லிலிட்டருக்கு 150 நானோகிராமைத் தாண்டினால் நஞ்சாகும் அபாயம் அதிகம். கால்சியம் ஏறியிருந்தால் சலைன் ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் ஸ்டீராய்டு உண்டு. பிரஷர் மாத்திரைகளில் சில கால்சியத்தை ஏற்றும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கொழுப்பில் சேர்ந்தது வடிய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் மறுபரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

வீட்டுப் பெரியவருக்கு வாந்தியும் தடுமாற்றமும் இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, இன்றே புத்தூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.