ஒரே ஆற்று நீர், இரண்டு கிருமிகள்

பாசிர் கூடாங்கில் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். மழைக்காலத்தில் நான் அதிகம் கேட்கும் சொல் 'ஆண்டிபயாடிக்'. "மூணு நாளா காய்ச்சல்மா. போன தடவை டாக்டர் கொடுத்த அதே சிவப்பு மஞ்சள் மாத்திரை இருக்கா?" என்று வந்து நிற்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றால் சிலருக்குக் கோபம் வரும். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி, ஆண்டிபயாடிக் மருந்துகளுக்கு மருத்துவரின் சீட்டு கட்டாயம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த மாத்திரை உங்கள் கிருமிக்குப் பொருந்துமா என்பதுதான் என் கவலை.

2010இல் பகாங் மாநிலம் மாரானில், லுபோக் யூ என்ற பொழுதுபோக்கு வனப்பகுதியில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடினார்கள். மீட்புப் பணியாளர்களும் கிராமத்தாருமாக 153 பேர் அந்த நீரில் இறங்கினர் அல்லது அதைத் தொட நேர்ந்தது. அதன் பிறகு பலருக்குக் காய்ச்சல் கண்டது. எட்டுப் பேர் இறந்தனர். பரிசோதனையில் இரண்டு நோய்கள் வெளிப்பட்டன. ஒன்று, நாம் எலிச் சிறுநீர் நோய் என்று சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ். மற்றொன்று மெலியோடோசிஸ். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தன.

இரண்டுமே காய்ச்சலில்தான் தொடங்கும். ஆனால் எலிச் சிறுநீர் நோய்க்குப் பெனிசிலினும் டாக்சிசைக்ளினும் கேட்கும். மெலியோடோசிஸ் கிருமியிடம் பெனிசிலின் எடுபடாது. அதற்கு செஃப்டாசிடிம், மெரோபெனெம் போன்றவற்றை நரம்பு வழியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள் ஏற்ற வேண்டும். பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரையை மூன்று மாதமாவது விழுங்க வேண்டும். பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும்.

ஏன் இந்த வேறுபாடு? கிருமிகளில் பல வகை உண்டு. டிங்கியும் சாதாரணச் சளியும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு எந்த ஆண்டிபயாடிக்கும் பயன்படாது. பாக்டீரியாவைப் பிரித்தறிய, 1884இல் டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் ஒரு சாயமுறையைக் கண்டார். தடித்த சுவருள்ள பாக்டீரியா ஊதாச் சாயத்தைப் பிடித்துவைக்கும். அது கிராம் பாசிட்டிவ். மெல்லிய சுவரும் அதன்மேல் இன்னொரு உறையும் உள்ளது சாயத்தை விட்டுவிடும். அது கிராம் நெகட்டிவ். பெனிசிலின், பாக்டீரியா தன் சுவரைக் கட்டவிடாமல் கெடுத்துக் கொல்கிறது. மெலியோடோசிஸ் கிருமி கிராம் நெகட்டிவ். அதன் மேலுறை மருந்தைத் தடுக்கிறது. உள்ளே நுழைந்ததையும் அது சுரக்கும் நொதி சிதைத்துவிடுகிறது.

இந்தக் கிருமியை முதலில் அடையாளம் கண்டவர்களில் ஒருவர் பெயர் நமக்குப் பழகிய பெயர்தான். 1911இல் ரங்கூனில் கேப்டன் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனைகளில் சீழ்க்கட்டிகளைக் கண்டனர். அதிலிருந்த கிருமி, குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியைப் போலவே இருந்தது. ஆனால் குதிரைக் கிருமி நகராது, இதுவோ நீந்தியது. ஆகவே இது வேறு என்று 1912இல் 'இந்தியன் மெடிக்கல் கெஸட்' இதழில் எழுதினார்கள். 1921இல் மெலியோடோசிஸ் என்று பெயரிட்டவர்கள், கோலாலம்பூரில் ஆய்வு செய்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும். இன்றும் இதை 'விட்மோர் நோய்' என்பவர்கள் உண்டு. கிருஷ்ணசாமியை நினைப்பவர்கள் குறைவு.

இந்தக் கிருமி நம் நாட்டு மண்ணிலும் சேற்றிலும் வாழ்கிறது. வெறுங்காலின் கீறல் வழியாக நுழையும். மூச்சு வழியாகவும் போகும். நுரையீரலில் தங்கினால் காசநோய் போலவே தோன்றும். இதற்கு மிக எளிதில் இரையாகிறவர்கள் நீரிழிவு உள்ளவர்கள். 2019 தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அதனால் இது நம் வீட்டுக் கதையும்கூட.

மழை விட்டதும் வீட்டின் பின்புறம் மண்ணைக் கொத்தும் அப்பாவுக்கும், வெள்ளம் வடிந்த பிறகு கோத்தா திங்கி உறவினர் வீட்டில் சேறு வழிக்கப் போகும் தம்பிக்கும் பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். காலில் புண் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டச் சொல்லுங்கள். காய்ச்சல் கண்டு கிளினிக் போனால், "எனக்கு நீரிழிவு இருக்கிறது, போன வாரம் சேற்றில் இறங்கினேன்" என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க அவருக்கு அந்த ஒரு வரி போதும். அந்தச் சோதனைக்கு முன்பே வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையை விழுங்கியிருந்தால் கிருமி சரியாக வளராமல் போகலாம்; நோயின் பெயர் தெரியாமலே நாட்கள் ஓடும்.

அலமாரியில் பழைய ஆண்டிபயாடிக் இருந்தால் மருந்தகத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.