கணப்படுப்பு மரத்தில் ஒரு கிடார்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ரெடிமேடா வாங்கிடலாமானு யோசிக்கிற பார்ட்டியா நீங்க? (நானும்தான்!) அப்ப 'குயின்' ராக் குழுவின் பிரையன் மே கதையைக் கேளுங்க.

1963. லண்டன் ஸ்கூல் பையன் மே, நல்ல கிடார் வாங்க வசதி இல்லாம, எலெக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச அப்பாவோட சேர்ந்து சொந்தமாவே செய்ய உட்கார்ந்துட்டார். கிடாரின் கழுத்துக்கு, குளிர்காயும் கணப்படுப்பு மேல இருந்த நூறு வருஷத்துக்கும் மேலான மரம். ஸ்பிரிங், பழைய மோட்டார் பைக் இன்ஜினில் கழற்றினது. புள்ளி வைக்க அம்மாவின் பட்டன்கள். ரெண்டு வருஷ வேலை பாஸ்!

1970-ல் குயின் உதயம். பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி, நம்ம பஞ்ச்கனி ஹாஸ்டலில் படிச்ச பார்சி. அடுத்த வருஷம் வந்து சேர்ந்த ஜான் டீக்கன் எலெக்ட்ரானிக்ஸ் மாணவர். குப்பையில் கிடந்த சர்க்யூட் போர்டில் ஆம்ப்ளிஃபையர் செஞ்ச ஆளு!

1975-ல் 'போஹீமியன் ராப்சடி'. கிட்டத்தட்ட ஆறு நிமிஷப் பாட்டு, ரேடியோவுக்கு ரொம்ப நீளம்னு கம்பெனியே தயங்குச்சு. பிரிட்டனில் 9 வாரம் நம்பர் ஒன்! 1985 'லைவ் எய்ட்' மேடையில் வெம்ப்ளி ஸ்டேடியத்தையே கலக்கினப்பவும் மே கையில் அதே வீட்டு கிடார்தான். 1991-ல் எய்ட்ஸ், ஃப்ரெடியைக் கொண்டுபோயிடுச்சு.

இசைக்காகப் பாதியில் விட்ட வானியல் பி.ஹெச்டி-யை மே முடிச்சது 2007-ல். வயசு 60!

எனக்கு மூணாவது செமஸ்டர் அரியர் ஒண்ணு பாக்கி. இந்தக் கதையை வீட்ல சொல்லிப் பார்த்தேன். அப்பா சிரிக்கவே இல்லை.